அடைத்த வாயில்கள் திறந்த வரலாறு: கொள்ளைநோயும் ஹிஜாஸின் பாதைகளும்

கொள்ளைநோய்கள் குறித்து நம்மிடையே எழுதப்பட்டவை ஏறத்தாழ ஒரே நபிமொழியைச் சுற்றியே அமைந்துள்ளன. தாஊன் பரவியுள்ள ஊருக்குள் செல்லலாகாது. தாம் இருக்கும் ஊரில் அது தோன்றிவிட்டால் அதற்கஞ்சி அங்கிருந்து வெளியேறலாகாது என்னும் கருத்துடைய அந்த நபிமொழி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு ஸஹீஹ்களிலும் இடம்பெற்றுள்ளது. 2020ஆம் ஆண்டில் உலகமே கதவடைத்திருந்த நாட்களில் அதை மேற்கோள் காட்டாத ஆலிம் இல்லை. அடைப்பதற்கு ஆதாரம் தேடியவர்களுக்கு அது உடனே கிடைத்தது. அடைத்ததை எப்போது திறப்பது, எந்த அளவுக்குத் திறப்பது, திறக்கலாம் என்பதை எதை வைத்து அறிவது என்ற கேள்விகளை முன்வைத்து நம் வரலாற்றைப் புரட்டியவர்கள் குறைவு. மூடியதன் வரலாறு பலரால் எழுதப்பட்டுவிட்டது. திறந்ததன் வரலாற்றைச் சற்றே நோக்குவது இக்கட்டுரையின் எண்ணம். ஹஜ் பயணத்தின் மீது 19ஆம் நூற்றாண்டில் விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளும் அவை நீங்கிய விதமும், 2020 முதல் 2023 வரை ஹரம் ஷரீஃப் கட்டங்கட்டமாகத் திறக்கப்பட்ட விதமும் இதன் நடுப்பகுதி. அதற்கு முன் ஷாமையும் எகிப்தையும் கடந்து செல்ல வேண்டியுள்ளது.

அம்வாஸ் தாஊன் பற்றிய செய்தி வாசகர்கள் அறிந்ததே. ஹிஜ்ரி 18 (கி.பி. 639) வாக்கில் ஷாமுக்குப் புறப்பட்ட உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்னும் இடத்தில் நோய்ச் செய்தி அறிந்தார்கள். முஹாஜிர்களையும் அன்ஸார்களையும் குறைஷி முதியவர்களையும் தனித்தனியே அழைத்துக் கலந்தாலோசித்துவிட்டுத் திரும்பினார்கள். அபூஉபைதா (ரலி) அவர்களின் ஆட்சேபமும், அதற்கு உமர் (ரலி) அவர்கள் பசுமையான ஓடைக்கரை, வறண்ட ஓடைக்கரை என்று உவமை காட்டிய விடையும், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து நபிமொழியை எடுத்துரைத்ததும் குத்பா மேடைகளில் மிகுதியும் சொல்லப்படுபவை. அபூஉபைதா, முஆத் இப்னு ஜபல் (ரலி) ஆகியோர் அந்நோயில் இறந்தார்கள். மாண்டோர் 25,000 பேர் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பின்னர்ப் பொறுப்பேற்ற அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் மக்களை மலைகளுக்குச் சிதறிச் செல்லச் சொன்னார்கள், நோய் தணிந்தது. பேச்சாளர் பெரும்பாலும் இங்கே நிறுத்திக்கொள்கிறார்.

நம் கேள்விக்கு இதற்கு அடுத்த பக்கமே முக்கியமானது. நோய் தணிந்த பின் உமர் (ரலி) அவர்கள் மீண்டும் ஷாமுக்குப் பயணம் செய்தார்கள். இறந்தோரின் வாரிசுச் சொத்துக்கள் பங்கிடப்படாமல் கிடந்ததே அப்பயணத்தின் முதற்காரணம் என்று தபரீ எழுதுகிறார். குடும்பம் குடும்பமாக இறந்த ஊர்களில் யார் யாருக்கு வாரிசு, யார் முன்னே இறந்தார், யார் பின்னே இறந்தார் என்ற வழக்குகள் எத்தனை சிக்கலானவை என்பதை ஃபராயிள் பாடம் ஓதியவர்கள் அறிவர். கலீஃபா அவற்றைத் தீர்த்தார்கள், படிகளை வழங்கினார்கள், எல்லைக் காவல்களில் விழுந்த இடைவெளிகளை நிரப்பினார்கள், குளிர்காலப் படையெடுப்புக்கும் கோடைகாலப் படையெடுப்புக்கும் ஆளமர்த்தினார்கள். இறந்த ஆளுநர்களின் இடங்களுக்குப் புதியவர்கள் வந்தார்கள். நோய் நின்றுவிட்டது, எல்லோரும் வீடு திரும்பலாம் என்று அறிவித்ததோடு கடமை முடிந்ததாக அவர்கள் கருதவில்லை. இறந்தோரின் கணக்கு தீர்க்கப்படாமல் வாழ்வோரின் ஊர் இயங்காது என்பதைக் கண்ட நிர்வாகம் அது.

இறந்தோரின் கணக்கு என்ற இச்சொல்லைப் பிடித்துக்கொண்டே எகிப்துக்கு வரலாம். மம்லூக்குகளின் கெய்ரோவில் தீவானுல் மவாரீஸ் என்றோர் அலுவலகம் இருந்தது. வாரிசில்லாத சொத்துக்களை அரசுக் கருவூலத்தில் சேர்ப்பது அதன் வேலை. அதன்பொருட்டு நாள்தோறும் நிகழும் மரணங்களை அது பதிவு செய்தது. கொள்ளைநோய்க் காலங்களில் நோயின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் அறிய வரலாற்றாசிரியர்கள் இப்பதிவேட்டையே நாடினர். அது முழுமையானதன்று என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இப்னு தக்ரீபர்தீ போன்றோர் நகரின் தொழுகைத் திடல்களில் வைக்கப்பட்ட ஜனாஸாக்களின் எண்ணிக்கையோடு அதை ஒப்பிட்டு, தீவானின் எண் உண்மையைவிடக் குறைவு என்று குறித்து வைத்தார்கள். வரி வசூலிக்கத் தோன்றிய ஒரு பதிவேடு, நோயை அளக்கும் கருவியானது.

இந்த எண்களைப் பயன்படுத்தி ஒரு துணிவான முடிவுக்கு வந்தவர் ஹாஃபிள் இப்னு ஹஜர் அஸ்கலானீ (இறப்பு ஹிஜ்ரி 852 / கி.பி. 1449). ஃபத்ஹுல் பாரீயின் ஆசிரியராக நாம் அறிந்த அப்பெருந்தகை, ‘பத்லுல் மாஊன்’ என்ற தலைப்பில் தாஊன் பற்றித் தனி நூல் யாத்தவர். ஹிஜ்ரி 819ஆம் ஆண்டின் நோயில் ஃபாத்திமா, ஆலியா என்ற இரு புதல்வியரையும், 833இல் மூத்த புதல்வி ஸைன் காத்தூனையும் இழந்த தந்தை அவர். ஹிஜ்ரி 833இல் (கி.பி. 1430) கெய்ரோவில் நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவாக மரணங்கள் நிகழ்ந்துகொண்டிருந்தபோது, மக்கள் மூன்று நாள் நோன்பிருந்து, மழைத்தொழுகைக்குச் செல்வதுபோல் பாலைவெளியில் பெருங்கூட்டமாகத் திரண்டு துஆ செய்து திரும்பினர். அந்த மாதம் முடிவதற்குள் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு மேல் இறந்தனர். இதைக் கண்ணாரக் கண்டு பதிவு செய்த இப்னு ஹஜர், இவ்வாறு திரளுவதற்கு மார்க்கத்தில் முன்மாதிரி இல்லை என்று வாதிடுகிறார். துஆவை அவர் மறுக்கவில்லை, திரளுவதையே மறுக்கிறார்.

இங்கே நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும. ஹிஜ்ரி 749இல் (கி.பி. 1348) திமிஷ்கில் இதே போன்ற ஊர்வலம் நடந்தது. அதில் கலந்துகொண்ட இப்னு பதூதா, யூதரும் கிறிஸ்தவரும் தத்தம் வேதங்களை ஏந்திவர, முஸ்லிம்கள் வெறுங்காலுடன் குர்ஆனை ஏந்தி நடந்த காட்சியை உருக்கத்துடன் வருணிக்கிறார். அதன் பயனாகவே திமிஷ்கில் நாளொன்றுக்கு இரண்டாயிரம் மரணங்களோடு நோய் நின்றது என்றும், கெய்ரோவில் அது 24,000ஐத் தொட்டது என்றும் எழுதுகிறார். (மதுரை சுல்தானகத்திலும் கொள்ளைநோயைக் கண்டு எழுதியவர் இவர் என்பது நம் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்.) அதே ஊர்வலத்தை, அக்காலத்தவரான முஹம்மத் அல்மன்பிஜீ பித்அத் என்று கண்டித்தார், இப்னு ஹஜர் மன்பிஜீயின் பக்கமே நின்றார். ஒரே நிகழ்ச்சி, இரண்டு தீர்ப்புகள். பயணியின் தீர்ப்பு கேள்விப்பட்ட எண்களின் மீது எழுந்தது; 24,000 என்பது நம்பத்தக்கதன்று. ஹாஃபிளின் தீர்ப்பு, தாம் வாழ்ந்த நகரில் நாள்வாரியாக எழுதி வைத்த எண்களின் மீது எழுந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க நமக்கு மனம் வரவில்லை.

இனி ஹிஜாஸ். தாஊனும் வபாவும் ஒன்றல்ல என்று நம் முன்னோர் வகுத்திருந்தார்கள். தாஊன் எல்லாம் வபாதான். வபா எல்லாம் தாஊன் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஹாஜிகளை வாட்டியது அந்த இரண்டாம் வகையைச் சேர்ந்த வாந்திபேதி, அதாவது காலரா. 1831இல் அது முதன்முறை மக்காவில் ஹாஜிகளிடையே புகுந்தது. அன்று முதல் 1912 வரை ஹஜ்ஜோடு தொடர்புடைய காலராப் பரவல்கள் 27 என்று கணக்கிடப்பட்டுள்ளன. அவற்றில் உலகை உலுக்கியது 1865ஆம் ஆண்டினது. அவ்வாண்டு திரண்ட சுமார் 90,000 ஹாஜிகளில் ஏறத்தாழ 15,000 பேர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. எஞ்சியோர் நீராவிக் கப்பல்களிலும் எகிப்தின் இரயிலிலும் ஊர் திரும்பியபோது நோயும் உடன் சென்றது. எகிப்தில் மட்டும் 60,000 பேர் இறந்தனர் என்பர். அங்கிருந்து மத்தியதரைக்கடல் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பாவை அது அடைந்தது. ஒட்டகங்களின் காலத்தில் பாலைவனமே ஒரு தனிமைப்படுத்தும் அரணாக இருந்தது. நோயுற்ற கூட்டம் ஊர் சேருமுன் வழியிலேயே நோய் ஓய்ந்துவிடும். நீராவி அந்த அரணை உடைத்தது.

மறு ஆண்டே, 1866இல், இஸ்தான்பூலில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. காலரா இந்தியாவிலிருந்து புறப்படுகிறது, ஹஜ் அதைப் பரப்பும் முக்கிய வழி என்று அது முடிவு செய்தது. அதன் தொடர்விளைவாக எழுந்தவையே செங்கடலின் இரு வாயில்களிலும் அமைந்த கரந்தீனா நிலையங்கள். தெற்கே, யமன் கரையோரமுள்ள கமரான் தீவில் உஸ்மானியர் 1882இல் நிலையம் நிறுவினர். இந்தியாவிலிருந்தும் ஜாவா, மலாய் நாடுகளிலிருந்தும் வரும் கப்பல்கள் அங்கே நின்றே ஜித்தா செல்ல வேண்டும். வடக்கே, சினாய்க் கரையிலுள்ள தூர் நிலையம் திரும்பிச் செல்லும் ஹாஜிகளைத் தடுத்து நிறுத்தியது.

கமரான் என்ற பெயர் பம்பாய் வழியாகக் கப்பலேறிய நம் தமிழக ஹாஜிகளுக்கு அச்சம் தரும் பெயராக இருந்தது. பத்து நாட்கள் வரை அங்கே காத்திருக்க வேண்டும். ஆடைகளைக் களைந்து நீராவிப் பெட்டிக்குள் இட வேண்டும். மருந்து கலந்த நீரில் குளிக்க வேண்டும். குடிசைகளில் வெப்பம், தண்ணீருக்குத் தட்டுப்பாடு. இவை அனைத்துக்குமான கட்டணம் ஹாஜியின் மடியிலிருந்தே பெறப்பட்டது. நோயில்லாத கப்பலில் வந்தவரும் கட்டணம் செலுத்தினார். இக்கட்டணமே நிலையத்தைத் தாங்கியது என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஒரு கட்டுப்பாடு தனக்குத்தானே வருவாய் ஈட்டத் தொடங்கிவிட்டால், அதை நீக்கலாம் என்று சொல்ல யாருக்கும் அவசரம் இருக்காது.

மக்களின் மனக்கசப்பு 1895இல் குருதியாக வெளிப்பட்டது. 1893ஆம் ஆண்டின் கடுங்காலராவுக்குப் பின் உஸ்மானிய அரசு ஹிஜாஸில் நீராவிக் கிருமிநீக்கக் கருவிகளை நிறுவியிருந்தது. அவை அடித்து நொறுக்கப்பட்டன. ஜித்தாவில் நகருக்கு வெளியே உலவச் சென்ற ஐரோப்பியத் தூதர்கள் சுடப்பட்டனர். அவர்களோடு இருந்த பிரிட்டிஷ் துணைத்தூதர் டாக்டர் அப்துர் ரஸ்ஸாக் கொல்லப்பட்டார். இந்திய முஸ்லிமான அவர் ஹாஜிகளின் நலன் குறித்தும் ஹிஜாஸின் சுகாதாரம் குறித்தும் ஆண்டுதோறும் அறிக்கைகள் எழுதி வந்த மருத்துவர். ஹாஜிகளுக்காக உழைத்தவரே ஹாஜிகளை வதைக்கும் ஏற்பாட்டின் முகமாகக் காணப்பட்டது பெருந்துயரம். கருவி என்ன செய்கிறது என்று மக்களின் மொழியில் விளக்குவோர் இல்லை. ஐரோப்பியர் சொல்ல, அரசு செய்ய, நடுவில் ஹாஜி வாயடைத்து நின்றார். அவ்வாறு நின்றவர் ஒருநாள் கல்லெடுப்பார் என்பதை எந்த மாநாட்டு அறிக்கையும் எதிர்பார்க்கவில்லை. 1897இல் பம்பாயில் பிளேக் பரவியிருந்தபோது, வெனிஸ் மாநாட்டின் நெருக்குதலால் இந்திய அரசு அவ்வாண்டு ஹஜ் பயணத்தையே தடைசெய்தது. அதே காலத்தில் சரக்குக் கப்பல்களின் போக்குவரத்தைத் தடையின்றிக் காப்பதில் பிரிட்டன் காட்டிய ஊக்கத்தை அறிந்தவர்களுக்கு, யாருடைய பயணம் எளிதில் நிறுத்தப்படத்தக்கது என்று கருதப்பட்டது என்பது விளங்கும்.

இதனால் கரந்தீனா முழுவதும் ஐரோப்பியச் சூழ்ச்சி என்று முடிவு கட்டுவோர் நம்மிடையே உண்டு. அது பிழை. 1865இன் 15,000 ஜனாஸாக்கள் சூழ்ச்சியல்ல. காலராக் கிருமியை ராபர்ட் காக் 1883, 1884ஆம் ஆண்டுகளில் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆய்ந்து நிறுவினார். இன்றும் உலகில் காலராவை உண்டாக்கும் கிருமிவகைக்கு ‘எல் தோர்’ என்று பெயர். 1905இல் தூர் கரந்தீனா நிலையத்தில் ஹாஜிகளின் உடல்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதால் வந்த பெயர் அது. நிலையங்கள் அறிவியலுக்கும் பயன்பட்டன, உயிர்களையும் காத்தன. நம் வினா வேறு. காரணம் நீங்கிய பிறகும் அவை ஏன் நீடித்தன?

1912க்குப் பின் ஹஜ்ஜில் காலராப் பரவல் நிகழவில்லை என்பதை மேலே குறிப்பிட்ட கணக்கே காட்டுகிறது. எனினும் கமரான் தொடர்ந்தது. முதல் உலகப்போரில், 1915இல், தீவு பிரிட்டிஷார் கைக்கு மாறியது. 1926 முதல் பிரிட்டிஷாரும் டச்சுக்காரரும் கூட்டாக நிலையத்தை நடத்தினர். 1926ஆம் ஆண்டின் பன்னாட்டுச் சுகாதார உடன்படிக்கையிலும், உலக சுகாதார நிறுவனம் 1951இல் வகுத்த விதிகளிலும் ஹாஜிகளுக்கென்றே தனிப்பிரிவு இருந்தது. மற்றப் பயணிகளுக்கு ஒரு சட்டம், ஹாஜிகளுக்கு ஒரு சட்டம். இந்தத் தனிச்சட்டம் நீங்கிய விதம் கவனிக்கத்தக்கது. சவூதி அரசு வெறும் கண்டனத் தீர்மானங்களோடு நின்றுவிடவில்லை. ஜித்தாவில் தன் சொந்தப் பொறுப்பில் பெரியதொரு கரந்தீனா நிலையத்தைக் கட்டி 1956இல் திறந்தது. அவ்வாண்டு மே மாதம் கூடிய ஒன்பதாம் உலக சுகாதாரப் பேரவை ஹாஜிகளுக்கான தனிவிதிகளை நீக்கத் தீர்மானித்தது. 1957 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. இஸ்தான்பூல் மாநாட்டிலிருந்து எண்ணினால் தொண்ணூறு ஆண்டுகள். கடைசிக் காலராவிலிருந்து எண்ணினால் நாற்பத்து நான்கு ஆண்டுகள்.

உஸ்மானியர் காலத்துச் சட்டத்தொகுப்பான மஜல்லாவின் தொடக்கத்தில் இரண்டு சட்ட விதிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. நிர்ப்பந்தத்தால் அனுமதிக்கப்படுவது அந்த நிர்ப்பந்தத்தின் அளவுக்கே அனுமதிக்கப்படும் என்பது ஒன்றின் கருத்து. ஒரு தடங்கலின் பொருட்டு ஆகுமாக்கப்பட்டது அத்தடங்கல் நீங்கியதும் நீங்கும் என்பது மற்றதன் கருத்து. மதரஸாவில் இவற்றை நாம் பெரும்பாலும் பசியால் வாடுபவன் செத்த பிராணியை உண்பது, நீரில்லாதவன் தயம்மும் செய்வது ஆகிய எடுத்துக்காட்டுகளோடு மாணவர்க்கு விளக்குகிறோம். தண்ணீரைக் கண்டதும் தயம்மும் முறிகிறது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கொள்ளைநோயில் அந்தத் தண்ணீரைக் கண்டோமா இல்லையா என்று அறிவதே சிக்கல். நோய் நீங்கியதைக் கண்ணால் காண இயலாது. எண்ணித்தான் அறிய வேண்டும். மஜல்லா தொகுக்கப்பட்ட அதே இஸ்தான்பூலில்தான் 1866ஆம் ஆண்டு மாநாடும் கூடியது. கமரானை நடத்தியவர்கள் இவ்விரு விதிகளில் இரண்டாவதை மறந்தார்கள் என்பது நம் கருத்து.

அரை நூற்றாண்டுக்கும் மேல் கழிந்து, 2020இல், மூடும் பொறுப்பும் திறக்கும் பொறுப்பும் ஹரமின் பணியாளர்கள் கையிலேயே வந்து சேர்ந்தன. பிப்ரவரி 27 அன்று வெளிநாட்டு உம்ரா நிறுத்தப்பட்டது. அந்நாட்டில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டது அதற்குப் பிறகு, மார்ச் 2 அன்று. மார்ச் 4இல் உள்நாட்டவருக்கும் உம்ரா நின்றது. மறுநாள் கிருமிநீக்கத்துக்காக மதாஃப் காலி செய்யப்பட்டு, வெறுமையாகக் கிடந்த காட்சியைத் திரையில் கண்டு உலகெங்கும் கண்கள் கலங்கின. மார்ச் 17இல் இரு ஹரம்கள் நீங்கலாக நாடெங்கும் பள்ளிவாசல்களில் ஜமாஅத் நிறுத்தப்பட்டது. சில நாட்களில் அவ்விரு ஹரம்களிலும் பொதுமக்களுக்குத் தடை வந்தது. மூடியதில் மூன்று வாரங்களே சென்றன. திறந்ததற்கு இரண்டரை ஆண்டுகள் ஆயின. அந்த இரண்டரை ஆண்டுகளே நம் கவனத்துக்குரியவை.

மே 31இல் மக்கா நீங்கலாக நாட்டின் 90,000க்கு மேற்பட்ட பள்ளிவாசல்கள் திறக்கப்பட்டன. மஸ்ஜிதுந் நபவியும் அன்றே திறந்தது. பாங்குக்குக் கால்மணி நேரம் முன்பே திறப்பது, தொழுகை முடிந்து பத்து நிமிடத்தில் மூடுவது, அவரவர் தொழுகை விரிப்பைக் கொண்டுவருவது, வரிசையில் இரண்டு மீட்டர் இடைவெளி விடுவது என்பன நிபந்தனைகள். ஸஃப்பில் தோளோடு தோள் சேர நிற்கச் சொல்லிப் பழகிய நமக்கு அந்த இடைவெளி எத்தனை கடினமாக இருந்தது! நோய் மிகுந்திருந்த மக்கா நகரின் பள்ளிவாசல்கள் மூன்று வாரம் தாமதித்து ஜூன் 21இல் திறந்தன. ஒரே நாடு, ஒரே சட்டம் என்று எல்லா ஊரையும் ஒரே நாளில் திறக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவ்வாண்டு ஹஜ்ஜுக்கு ஏறத்தாழ ஆயிரம் பேர் அனுமதிக்கப்பட்டனர். 2019இல் வந்தவர்கள் 24,89,406 பேர். அந்த ஆயிரவரில் பெரும்பாலோர் சவூதியில் வசித்த வெளிநாட்டவர். ஏனையோர் நோயுற்று மீண்ட சவூதி மருத்துவப் பணியாளர்களும் பாதுகாப்புப் பணியாளர்களும். ஹஜ்ஜுக்கு முன்னும் பின்னும் அவர்கள் தனிமையில் வைக்கப்பட்டனர். கல்லெறியும் பொடிக்கற்கள்கூடக் கிருமிநீக்கப்பட்டுப் பைகளில் வழங்கப்பட்டன. ஹாஜிகளிடையே ஒரு தொற்றும் பதிவாகவில்லை. இது வெறும் அடையாளச் சடங்கு என்று அன்று குறை கூறியவர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. ஹஜ் முற்றிலும் நிற்காமல் அந்த ஆண்டைக் கடந்ததும், அடுத்த படிக்கான பயிற்சி கிடைத்ததும் அந்த ஆயிரவரால்தான்.

அக்டோபர் 4இல் உம்ரா திறந்தபோது நாளொன்றுக்கு 6,000 பேருக்கே அனுமதி; அதுவும் உள்நாட்டவருக்கு. ‘இஃதமர்னா’ என்னும் கைப்பேசிச் செயலியில் நாளும் மணியும் குறித்துப் பதிந்தவர்களே வரலாம். இரண்டு வாரம் பொறுத்து அக்டோபர் 18இல் அது 15,000 ஆனது. நவம்பர் முதல் நாளன்று 20,000 ஆக உயர்ந்து வெளிநாட்டவருக்கும் வாயில் திறந்தது. அவர்கள் வந்ததும் மூன்று நாட்கள் விடுதியில் தனித்திருக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு வாரம் விட்டது தற்செயலன்று. தொற்றியவரிடம் நோய்க்குறி வெளிப்படப் பதினான்கு நாட்கள் வரை ஆகலாம் என்பதே அன்றைய மருத்துவ அறிவு. முந்திய படியின் விளைவைக் காணுமுன் அடுத்த படியில் கால் வைக்கக் கூடாது என்பதே அந்த இடைவெளியின் பொருள் என நாம் புரிந்துகொள்கிறோம். கெய்ரோவின் பாலைவெளியில் ஒரே நாளில் திரண்டு கலைந்த கூட்டத்தையும், இந்த 6,000, 15,000, 20,000 என்ற ஏணியையும் வாசகர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எண்ணத் தெரிந்த தீவானின் எழுத்தர் இப்போது வாயிலிலேயே அமர்ந்துவிட்டார்.

2021இல் தடுப்பூசி வந்த பின் 60,000 பேருக்கு ஹஜ் வாய்ப்பு அறிவிக்கப்பட்டது. விண்ணப்பித்த உள்நாட்டவர் ஐந்தரை லட்சத்தைத் தாண்டினர். அக்டோபர் 17இல் ஹரமின் தரையில் ஒட்டப்பட்டிருந்த இடைவெளிக் குறிகள் அகற்றப்பட்டு, ஸஃப்புகள் மீண்டும் சேர்ந்தன. ஆனால் ஓமிக்ரான் பரவியதும் டிசம்பர் 30இல் இடைவெளி மறுபடியும் விதிக்கப்பட்டது. குறிகள் திரும்ப ஒட்டப்பட்டன. 2022 மார்ச் 5இல் மீண்டும் நீக்கப்பட்டது. திறந்ததை மறுபடி அடைப்பது ஆட்சியாளருக்கு வெட்கமான செயலாகத் தோன்றலாம். பலர் அதைத் தவிர்க்க எண்களையே மறைத்தார்கள். ஹரமில் இரண்டே மாதத்தில் அந்த அடைப்பு நீங்கியதை மக்கள் கண்டதால், அடுத்த அறிவிப்பையும் அவர்களால் நம்ப முடிந்தது. கமரானில் இந்த நம்பிக்கைக்கே இடமில்லை. தடை எப்போது நீங்கும் என்று கேட்டவருக்கு அங்கே யாரும் விடை சொன்னதில்லை.

நம் ஊர் அனுபவத்தையும் இங்கே ஒரு வரி சேர்க்கலாம். 2020 செப்டம்பர் முதல் நாள் தமிழகத்தில் வழிபாட்டுத்தலங்கள் பொதுவாகத் திறக்கப்பட்டன. இரண்டாம் அலைக்குப் பின், 2021 ஆகஸ்டு முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை, வெள்ளி, சனி, ஞாயிறு நாட்களில் மட்டும் பொதுமக்கள் வழிபாட்டுக்குத் தடை இருந்தது. கூட்டம் கூடும் நாட்களைத் தவிர்க்கும் நோக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் வாரத்தில் நான்கு நாள் திறந்து ஜும்ஆ நாளன்று மூடப்படும் பள்ளிவாசல், கடைத்தெருவில் நெரியும் கூட்டத்தைப் பார்த்தபடி நின்றது. ஜும்ஆவுக்கு எண்ணிக்கை வரம்பு விதித்து, திடல்களையும் மண்டபங்களையும் பயன்படுத்தி, ஜமாஅத் நிர்வாகிகளிடம் பொறுப்பை ஒப்படைக்கும் வழி அன்று தேடப்பட்டிருக்கலாம். ஜித்தாவில் 1956இல் கட்டப்பட்ட நிலையத்தின் பாடம் நமக்கும் உரியது: எங்களை நம்புங்கள் என்று கோருமுன், நம்பத்தக்க ஏற்பாட்டை நம் கையால் செய்து காட்டியிருக்க வேண்டும். நம் ஜமாஅத்களில் அவ்வாறு செய்தவை சில. அறிக்கை மட்டும் விட்டவை பல.

2022 ஹஜ்ஜில் 8,99,353 பேர் கலந்துகொண்டனர். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோருக்கு அனுமதியில்லை. இரண்டாண்டு இடைவெளிக்குப் பின் இந்தியாவுக்கு 79,237 இடங்கள் கிடைத்தன. 2020க்கு விண்ணப்பித்துக் காத்திருந்த நம் முதியோர் பலர் அந்த வயது வரம்பால் மறுபடியும் ஏமாந்தனர். அவர்களில் சிலர் 2023இல் வரம்பு நீங்கும்வரை உயிரோடிருக்கவில்லை என்பதையும் இந்த வரலாற்றின் கணக்கில் எழுத வேண்டும். 2023 மே 5இல் உலக சுகாதார நிறுவனம் கொரோனா தொடர்பான பன்னாட்டு அவசரநிலையை முடித்துவைத்தது. அவ்வாண்டு ஹாஜிகள் 18,45,045 பேர்.

2020இல் கஅபாவைச் சுற்றி நிறுத்தப்பட்ட தடுப்புகள் 2022 ஹஜ்ஜின்போதும் இருந்தன. அந்த ஒன்பது லட்சம் பேரும் ஹஜருல் அஸ்வதைத் தொடாமலே, தூரத்திலிருந்து கையை உயர்த்திச் சைகையால் இஸ்திலாம் செய்துவிட்டு ஊர் திரும்பினர். நெரிசலில் பிறரைத் துன்புறுத்தாமல் சைகையோடு நிற்பதே போதுமானது என்று ஃபிக்ஹு நூல்கள் முன்பே சொல்லி வைத்திருந்ததால், அவர்களின் தவாஃபில் குறையேதும் இல்லை. ஆகஸ்டு 2 அன்று தடுப்புகள் அகற்றப்பட்டன. அன்றிரவு மதாஃபில் இருந்தவர்கள் முல்தஸமில் மார்பைச் சேர்த்து நின்றார்கள்.